தவக்குடிலுக்குப் போட்ட பாதை

போன மாதம் மெல்பேர்னிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். எகிப்தில் ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த பாலைவனங்களைப் பார்க்க ஆசையாம். முழங்காலும் விடாதாம், கையில் உள்ள காசும் விடாதாம். பக்கத்தில் அப்படி ஏதாவது இடம் உண்டா என்று கேட்டிருந்தார். நான் எகிப்துக்குப் போனதில்லை. ஆனால் பாலைவனத் துறவி ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். 1997 மார்ச், தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. புறப்பட்டது என் வீடு இருக்கும் மங்கரேயிலிருந்து. போய்ச் சேர்ந்தது ஆக்லாந்தின் மேற்குக் கடற்கரையில். பார்க்கப் போன துறவி என் சொந்தத் தங்கச்சி.

இதை எழுதும்போது நெஞ்சு நிமிர்வதை மறைக்கப் போவதில்லை. பெருமை பெரும் பாவம் என்று கோயிலில் சொல்லித் தந்தார்கள். தங்கச்சியைப் பற்றிய பெருமைக்கு விலக்கு உண்டு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அவள் பெயர் பிலோமினா, வீட்டில் மினா. நாங்கள் மன்னார் ஆட்கள். ஆக்லாந்துக்கு முதலில் வந்தவள் அவள்தான். ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நல்ல வேலை. அவள் கையெழுத்துப் போட்டுத்தான் நானும் மனைவி செல்வியும் 1992இல் விசா எடுத்து வந்தோம். எனக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்தது. அண்ணன் பெட்டி தூக்க, தங்கச்சி நுண்நோக்கி பார்க்க, வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1995 நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவள், கேக்கைத் தின்று முடித்துவிட்டு, வேலையை விடப் போவதாகவும் காட்டுக்குள் தனியாகத் தவவாழ்வு வாழப் போவதாகவும் சொன்னாள்.

மடத்துக்குப் போகிறேன் என்றிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் குடும்பத்தில் இரண்டு சிஸ்டர்மார் இருக்கிறார்கள். ஆனால் மடமில்லை, சபையில்லை, கூட ஒருவருமில்லை. ஆயரின் அனுமதியோடு தன்னந்தனியே இருக்க வேண்டுமாம். திருச்சபைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். செல்வி என்னைப் பார்த்தாள், நான் மிச்சக் கேக்கைப் பார்த்தேன்.

அன்றைக்கு மினா எங்களுக்குச் சொன்ன கதையை இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், எகிப்து வாசகருக்கும் உதவும். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனியார் என்று ஓர் இளைஞர். நம் வீடுகளில் குழந்தை யேசுவைக் கையில் ஏந்தி நிற்பவர் இல்லை, அவர் ஆயிரம் வருடம் பிந்தியவர். இவரை வனத்து அந்தோனியார் என்போம். தாய் தகப்பன் இறந்த பிறகு, கோயிலில் வாசித்த நற்செய்தியைக் கேட்டு, இருந்த காணியை எல்லாம் கொடுத்துவிட்டார். தங்கையைக் கன்னியர் கூட்டம் ஒன்றில் ஒப்படைத்துவிட்டுத் தவத்துக்குப் போனார். முதலில் ஊர் ஓரத்தில், பிறகு கல்லறைகளுக்குள், பிறகு நைல் நதிக்கு அப்பால் ஒரு பாழடைந்த கோட்டையில் இருபது வருடம். அவரைப் போலப் பெண்களும் போனார்கள். அந்த ஆண்களை அப்பா என்றும் பெண்களை அம்மா என்றும் அங்கே அழைத்திருக்கிறார்கள். நம் சொல்லே எகிப்துப் பாலைவனத்தில் உலாவியிருக்கிறது என்று எனக்கு உடனே ஒரு சந்தோஷம்.

அந்தக் கதையில் அண்ணன் போனான், தங்கை நின்றாள். எங்கள் வீட்டில் தலைகீழ். அவளைத் தடுக்க எனக்கு என்ன தகுதி? நான் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை. கார் விற்கும்போதே பத்து நாள் பேரம் பேசுகிறவன்.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? கல்யாணம் சரிவரவில்லை, அதுதான் மூளை பிசகிவிட்டது என்றார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில், டொக்டரிடம் காட்டினீர்களா என்று என்னிடமே கேட்டார்கள். பிறகு ஆயர் அனுமதி கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் அதே சனம் ஒரே கிழமையில் அவளை அர்ச்சிஷ்டவள் ஆக்கிவிட்டது. பைத்தியத்துக்கும் பரிசுத்தத்துக்கும் நடுவில் நிற்க எங்கள் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது.

ஆயர் கொடுத்தது ஒரு வருட அனுமதி. 1996இல் தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று தொடங்கியது. பங்கு விசுவாசியான ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் பண்ணைக் காணியில், காட்டுக்குள் சும்மா கிடந்த ஒரு பாச்சை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். பாச் என்றால் இங்கே விடுமுறைக்கு வந்து தங்கும் சின்ன மரவீடு. ஓர் அறை, ஒரு விறகடுப்பு, கூரையில் விழும் மழையைப் பிடிக்கும் தண்ணீர்த் தாங்கி. ஒரு வருடம் முடிந்ததும் ஃபாதர் டெனிஸ் என்ற வயதான குருவானவர் போய்ப் பார்த்து, உண்மையாகவே தனிமையில் வாழ்கிறாளா என்று ஆயருக்கு எழுத வேண்டும். அவர் ஓம் என்று எழுதினால் ஆயுளுக்கும் இப்படியே வாழ்வதாக வார்த்தைப்பாடு கொடுக்கலாம். இல்லை என்றால் பாச்சைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மினா ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள், இது கிடைக்காவிட்டால் வேறு எதற்கும் தனக்கு விருப்பமில்லை என்று. சின்ன வயதிலிருந்து எதையும் இரண்டு தரம் கேட்காத பிள்ளை அவள்.

அவளுடைய ஒழுங்குவிதியில் விருந்தாளிகளுக்குச் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை எங்கள் சனம் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு கார், பிறகு மூன்று கார். விசாவுக்குச் செபிக்கச் சொல்லி, வீட்டுக் கடனுக்குச் செபிக்கச் சொல்லி, மகனுக்குப் பெண் கிடைக்கச் செபிக்கச் சொல்லி. மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து சைவக் குடும்பம் ஒன்றும் தேசிக்காயும் பூவுமாகப் போய் வந்தது. மன்னாரில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிற வம்சம் அல்லவா? ஓர் இடம் பரிசுத்தமானது என்று தெரிந்தால் எங்களுக்கு அங்கே குடும்பத்தோடு போயாக வேண்டும், அங்கே சமைத்துச் சாப்பிட்டும் ஆக வேண்டும்.

அப்போது எங்கள் செபமாலைக் கூட்டத்துக்குத் தலைவர் சூசைப்பிள்ளை அண்ணர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எழுபது வயது, இடுப்பில் ஒப்பரேஷன் செய்தவர், குரல் மட்டும் இன்னும் பிளாட்ஃபோர்மிலேயே நிற்கிறது. ஒரு சனிக்கிழமை அவர் அந்தக் காட்டு வழியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். எழும்பும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பாதை சரியில்லை, சிரமதானம் வைக்க வேண்டும். அறியாதவர்களுக்கு, சிரமதானம் என்றால் ஊர் கூடிச் சம்பளமில்லாமல் உழைப்பது. இலங்கையில் கிணறு இறைப்பதும் பள்ளிக்கூடத்துக்கு வேலி அடைப்பதும் அப்படித்தான். இங்குள்ளவர்கள் வேர்க்கிங் பீ என்பார்கள், ஆனால் அவர்கள் நாலு பேர் வந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் ஒக்டோபர் நீண்ட வார இறுதியில் மூன்று நாளும் இறங்கினோம். மானுகா மரங்களை வெட்டி ஒதுக்கி, சரிவில் படி வெட்டி, சரளைக்கல் பரவி, வழுக்குகிற இடத்தில் மரத்தில் கைப்பிடியும் அடித்தோம். ஐம்பது நிமிட நடை இருபது நிமிடமாகிவிட்டது.

உலகத்தை விட்டு விலகிப் போன ஒருத்திக்கு உலகம் வந்து போக ரோட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். வேறு எந்தச் சனத்துக்கும் இது தோன்றியிராது. மினா கதவைத் திறந்து பார்த்தாள், எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நாங்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டோம்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். 1997இல் அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு மங்கரேயிலிருந்து புறப்பட்டேன். பன்னிரண்டு பேர் இருக்கும் வான் ஒன்று, நாள் வாடகை எழுபது டொலர், பெற்றோல் தனி. மங்கரே பாலம் தாண்டி ஒனெஹங்கா, மவுண்ட் ரொஸ்கில் வழியாக மவுண்ட் ஆல்பர்ட் பதினான்கு கிலோமீட்டர். அங்கே சூசைப்பிள்ளை அண்ணரும் கூட்டமும் பழைய மரவீடு ஒன்றின் வாசலில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு நின்றார்கள். செல்வி முதல் நாளே மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தாள். சோற்றுப் பார்சல் மட்டும் இருபத்தைந்து. தவக்காலத்தில் ஒரு நேரம் சாப்பிடுகிற துறவியைப் பார்க்க இருபத்தைந்து பார்சல் எதற்கு என்று கேட்டேன். போதாமல் போனால் மரியாதையில்லை என்றாள்.

பிறகு மோட்டர்வேயைப் பிடித்து ஹென்டர்சன். அங்கே ஒரு டெய்ரியில், அதுதான் தெருமுனைக் கடையில், ஐஸ் கட்டி வாங்கினோம். கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் போனார்கள், அங்கே குடியிருக்கும் எங்கள் ஆட்கள் குடும்பம் ஒன்றும் தனிக் காரில் சேர்ந்துகொண்டது. மொத்தம் பதினைந்து பேர். ஹென்டர்சனைத் தாண்டினால் ஸ்வான்சன், அதற்குப் பிறகு கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வைட்டாக்கரே மலைத்தொடருக்குள் வளைவான ரோட்டு. வானுக்குள் செபமாலை நடந்தது. மாலையில் ஒரு பத்து மணியை உருட்டி முடித்து அடுத்த பத்தைத் தொடங்குமுன் மோர்ட்கேஜ் வட்டி பற்றிய கதையும் நடந்தது. மாதா பொறுமைசாலி.

ரோட்டு முடிகிற இடத்தில் காட்சி திடீரென்று திறக்கும். கறுப்பு மணல் மேடுகள். எரிமலை தந்த இரும்பு மணல், வெயிலில் மினுங்கும், மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மணலுக்கு அப்பால் கடலின் இரைச்சல், இந்தப் பக்கம் மலைச்சரிவில் அடர்ந்த காடு. மார்ச் மாதத்தில் சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும். எகிப்தின் மணல் பொன் நிறமாம், இங்கே கரி நிறம். பாலைவனம் பாலைவனம்தான்.

பண்ணையின் வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. யாருடையது என்று எனக்குத் தெரியும். ஃபாதர் டெனிஸின் கார். சொல்லாமல் வந்திருக்கிறார். திரும்பிவிடுவோமா என்று சூசைப்பிள்ளை அண்ணரிடம் மெல்லக் கேட்டேன். ஏன் திரும்ப வேண்டும், சாமியார் தன் கண்ணாலேயே பார்க்கட்டும், பிள்ளைக்கு எவ்வளவு சனம் என்று தெரிந்தால் ஆயர் உடனே கையெழுத்துப் போடுவார் என்று அவர் பெருமையோடு முன்னே நடந்தார். அவர் கணக்கில் கூட்டம்தான் அத்தாட்சி.

நாங்கள் போட்ட பாதையில் குளிர்பெட்டிகளோடு பதினைந்து பேரும் ஏறினோம். ஒருத்தியின் காலில் உயரமான குதிச் சப்பாத்து. குடிலின் முன்னால் ஃபாதர் டெனிஸ் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்களை அல்ல. பக்கத்து மானுகா மரத்தில் யாரோ கைக்குட்டையில் சின்னத் தொட்டில் ஒன்று கட்டியிருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வரம் வேண்டி எங்கள் ஊரில் கட்டுவது. எங்களோடு வந்த ஹென்டர்சன் குடும்பத்து மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கலியாணமாகி எட்டு வருடமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை.

ஃபாதர் என்னைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். ஒவ்வொரு சனியும் இப்படித்தானா? பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆமென்றேன். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. இவ்வளவு அன்பைப் பார்க்கத் தனக்கு மகிழ்ச்சி என்றார். ஆனால் தான் பார்க்க வந்தது தனிமையை, இங்கே இருப்பது யாத்திரைத்தலம், அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். ஃபாதர் என்ன சொன்னார் என்று சூசைப்பிள்ளை அண்ணர் கேட்டார். நான் சொன்னதும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. பிளாட்ஃபோர்மில் ரயில் தவறிப் போனதைப் பார்த்தவர் போல நின்றார்.

மினா வெளியே வந்தாள். சாம்பல் நிறச் சட்டை, வெட்டிய தலைமயிர், வெயிலில் கறுத்து மெலிந்த முகம். எல்லாம் கேட்டிருப்பாள், மரச் சுவர்தானே. செல்வியின் கையிலிருந்த பார்சலை வாங்கிப் பிரித்து, மண்ணில் உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொன்னாள். தவக்காலத்தில் கஞ்சியும் வெறும் ரொட்டிப் பாணும் மட்டும் சாப்பிடுகிறவள் மீன் குழம்பைக் குழைத்து எங்களோடு சேர்ந்து சாப்பிட்டாள். பழைய எகிப்துத் துறவிகளும் அப்படித்தான் என்று பிறகு வாசித்தேன். விருந்தாளி வந்தால் நோன்பை நிறுத்திவிட்டு அவரோடு சேர்ந்து உண்பார்கள். நோன்பு எப்போதும் கூட இருக்கும், வந்தவர் போய்விடுவார். ஃபாதர் டெனிஸும் சம்பலைத் தின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். எங்கள் கூட்டம் வாய் மூடிச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு வந்து மினா சூசைப்பிள்ளை அண்ணருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, நீங்கள் போட்டது நல்ல பாதை. என்னிலை உள்ள அன்பிலை போட்டது எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு அதை மூடித் தருவியளோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "மூடுறதோ? அப்ப நாங்கள் எப்பிடிப் பிள்ளை வாறது?"

"வராமல் இருக்கிறதுதான் நான் உங்களிட்டைக் கேக்கிற உதவி."

ஹென்டர்சன் மருமகள் மெல்லக் கேட்டாள். "அப்ப எங்களுக்காக ஆர் அக்கா செபிக்கிறது?"

"நீங்கள் வந்தால் உங்களோடை கதைச்சுக்கொண்டு இருப்பன். வராட்டித்தான் உங்களுக்காகச் செபிக்க எனக்கு நேரம் கிடைக்கும்." மரத்திலிருந்த தொட்டிலைக் காட்டினாள். "அது இருக்கட்டும். அவிழ்க்க வேண்டாம்."

சூசைப்பிள்ளை அண்ணரை, எழுபது வயதில், பதினைந்து பேருக்கு முன்னால், தான் கட்டியதைத் தானே இடிக்கச் சொல்கிறாள் ஒரு பெண்பிள்ளை. கோபித்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். எங்கள் சங்கங்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. அவர் சட்டைக் கையை மடித்தார்.

"சரி. மண்வெட்டி எங்கை?"

குடிலுக்குப் பின்னால் இரண்டு மண்வெட்டி, ஒரு கத்தி, கல் பெயர்க்கும் ஓர் அலவாங்கு இருந்தன. ஒக்டோபரில் வெட்டி ஒதுக்கிய மானுகா மரங்கள் பாதையோரத்தில் காய்ந்து கிடந்தன. குடில் வாசலிலிருந்து தொடங்கினோம். படிகளை வெட்டிச் சரித்தோம். சரளையை வாரிக் காட்டுக்குள் எறிந்தோம். கைப்பிடி மரத்தைக் கழற்றினோம். காய்ந்த மரங்களை இழுத்துக் குறுக்கே போட்டு, போட்ட இடத்திலிருந்து பின்னால் பின்னால் வந்தோம். ஃபாதர் டெனிஸ் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஒரு கிளையின் மறுமுனையைப் பிடித்தார். குதிச் சப்பாத்துக்காரி வெறுங்காலோடு கல் வாரினாள். இரண்டரை மணி நேரம். யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை.

துறவற மடங்கள் எப்படித் தொடங்கின என்று மினா பிறகு ஒரு தடவை சொன்னாள். தனியே போன தவசிகளைத் தேடிச் சனம் போனது, போன சனத்தில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பக்கோமியுஸ் என்ற முன்னாள் சிப்பாய் அப்படிச் சேர்ந்தவர்களை ஒரு மதிலுக்குள் வைத்து, சேர்ந்து உழைக்கவும் சேர்ந்து உண்ணவும் ஒழுங்கு செய்தார். அதுதான் மடம். அந்தோனியாரோ, சனம் கூடக் கூட இன்னும் உள்ளே, செங்கடல் பக்கத்து மலைக்குப் போய்விட்டார். மினாவுக்கு இன்னும் உள்ளே போக இடமில்லை. அதற்கு அப்பால் கடல். அதனால் தான் போகாமல் வழியைப் போகச் சொன்னாள். எங்களைக் கேட்டால், அந்த இரண்டரை மணி நேரம் நாங்களும் ஒரு மடமாகத்தான் இருந்தோம். மங்கரேயும் மவுண்ட் ஆல்பர்ட்டும் ஹென்டர்சனும் சேர்ந்து பேச்சில்லாமல் உழைத்த ஒரே மடம்.

ஓடையைக் கடக்கிற இடம் வரை மினாவும் எங்களோடு வேலை செய்துகொண்டே வந்தாள். ஓடைக்குக் குடிலிருக்கும் பக்கம் கடைசி மரத்தைப் போட வேண்டும். எல்லோரும் தாண்டிவிட்டார்கள். நான் மட்டும் அவள் பக்கத்தில் நின்று மரத்தின் அடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு யோசனையும் இல்லை. நான் அண்ணன், நான் அவள் ஆள்.

மினா என் கையிலிருந்த மரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்களும் அந்தப் பக்கந்தான், அண்ணா."

தண்ணீருக்குள் இறங்கித் தாண்டினேன். திரும்பிப் பார்த்தபோது மரம் விழுந்துவிட்டது, இலைகளுக்கு நடுவில் சாம்பல் சட்டை கொஞ்சம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் அழுதேன். பக்கத்தில் சூசைப்பிள்ளை அண்ணரும் அழுதார். ஆனால் என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமையை நான் உணர்ந்ததில்லை. எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் எந்தப் புதுவீட்டுக் குடிபூரலிலும் இல்லை. என் தங்கச்சி கேட்டதை அவளே எடுத்துக்கொண்டாள், ஒருவரையும் அவமதிக்காமல்.

படலையில் காருக்குள் ஏறுமுன் ஃபாதர் டெனிஸ் என் தோளைத் தட்டினார். ஒருத்தியால் தனியே இருக்க முடியுமா என்று பார்க்க வந்தேன், தன்னை நேசிக்கிறவர்களைக் கொண்டே வாசலை மூடுவிக்க முடிகிறவளுக்கு நான் என்ன பரீட்சை வைப்பது என்றார். ஆயருக்கு அப்படியே எழுதினாராம். பெந்தகோஸ்துத் திருநாளுக்குப் பிறகு ஒரு ஞாயிறன்று மினா ஆயுள் வார்த்தைப்பாடு கொடுத்தாள். கோயில் நிறையச் சனம். சூசைப்பிள்ளை அண்ணர் முதல் வரிசை வாங்கில், புதுக் கோட்டில்.

அந்தோனியாரின் நண்பர்கள் வருடத்தில் இரண்டு தடவை அவருடைய கோட்டைக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். நானும் இரண்டு தடவை போகிறேன். அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், விளக்குக்கு மண்ணெண்ணெய். படலைக்கு உள்ளே உள்ள மரப்பெட்டியில் வைத்துவிட்டு, போன தடவை வைத்த பைகளையும் போத்தல்களையும் காலியாக எடுத்துக்கொண்டு திரும்புவேன். முகத்தைப் பார்ப்பது பல் வைத்தியரிடம் கூட்டிப் போகிற நாளில் மட்டும். மூன்று வருடமாக அவளுடைய பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

மேற்குக் கடற்கரைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் ஸ்வான்சனோடு முடிந்துவிடும், மிச்சத்துக்குக் கார் வேண்டும். மார்ச் நல்ல மாதம், மழை குறைவு, கடல் கொஞ்சம் சூடு. உயிர்காப்பாளர் கொடி நட்ட இடத்துக்கு வெளியே தண்ணீரில் இறங்கவே வேண்டாம், அந்தக் கடல் ஆளை இழுக்கும். கறுப்பு மணலில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கவுரி மரங்களுக்கு நோய் என்பதால் பல காட்டுப் பாதைகளை இப்போது மூடியிருக்கிறார்கள், திறந்திருக்கிற பாதையிலும் நுழையுமுன் சப்பாத்தைக் கழுவ வேண்டும். சாப்பாடு ஹென்டர்சனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுமென்றால் வார நாளில் போங்கள், மணல்மேட்டின் உச்சியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். மெல்பேர்ன் வாசகரே, உங்கள் முழங்காலுக்கு அதுவே போதும்.

குடிலுக்கு மட்டும் வழி கேட்டு எழுத வேண்டாம். ஆக்லாந்தில் எனக்குத் தெரிந்த எந்த இடத்துக்கும் வழி சொல்வேன், சந்து பொந்து விடாமல். இதற்குச் சொல்லமாட்டேன். உங்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். அடுத்த தடவை போகும்போது பெட்டியில் அரிசிக்கு மேலே வைத்துவிடுகிறேன்.